நுரை வந்தாத்தான் வெளுக்குமா? வாஷிங் மெஷினும் நம்ம வீட்டுத் தண்ணியும்

இன்னிக்கு எபிசோடு துணி துவைக்கிறதைப் பத்தி. இதுக்கெல்லாம் ஒரு எபிசோடான்னு நினைக்கறவங்களுக்கு முதல்ல எங்க அம்மா கதையைச் சொல்லிடறேன். போன வருஷம் மூணு மாசம் அவங்க கழுத்துலயும் இடுப்புலயும் அரிப்புன்னு ராத்திரி தூக்கமில்லாம கெடந்தாங்க. கத்தரிக்காயை நிறுத்தினோம், கருவாட்டை நிறுத்தினோம், வேப்பிலை அரைச்சுப் பூசினோம். கடைசியா ஒரு தோல் டாக்டர் எல்லாம் பார்த்துட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "வீட்ல துணி எதுல துவைக்கறீங்க?" மெஷின்லன்னு சொன்னேன். "பவுடர் எவ்வளவு போடறீங்க?" ரெண்டு கப். அவர் சிரிக்கலை.

அவர் சொன்ன சோதனையை நீங்களும் வீட்ல பண்ணிப் பார்க்கலாம். துவைச்சுக் காய்ஞ்ச துண்டு நாலு எடுத்து, பவுடரோ லிக்விடோ எதுவும் போடாம, வெறும் தண்ணியில ஓட விடுங்க. பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க. எங்க வீட்டு மெஷின்ல பாதிக் கண்ணாடி வரைக்கும் நுரை ஏறி நின்னுச்சு. துவைச்சு மடிச்சு அலமாரியில வச்ச துண்டுக்குள்ள அவ்வளவு சோப்பு! துணி உடம்போட உரசற இடம் கழுத்தும் இடுப்பும். அங்கதான் வேர்வையும் நிக்கும். மிச்சமிருந்த சோப்பு அங்கதான் வேலையைக் காட்டியிருக்கு.

தப்பு என்மேலதான். கல்லுல அடிச்சுத் துவைச்ச காலத்துப் பழக்கம் நமக்கு: நுரை வந்தாத்தான் அழுக்கு போகும்னு ஒரு நம்பிக்கை. உண்மையில அழுக்கை எடுக்கறது நுரை இல்லைங்க. சோப்புத் துகளுக்கு ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், இன்னொரு முனை தண்ணியைப் பிடிக்கும். அப்படி அழுக்கை நூல்ல இருந்து பிரிச்சுத் தண்ணிக்குள்ள இழுத்துட்டு வருது. அந்த வேலை தண்ணிக்குள்ள நடக்குது. மேல மிதக்கிற நுரை வெறும் காத்து.

ஃப்ரண்ட் லோடு மெஷின்ல நுரை உபத்திரவமும்கூட. அந்த டிரம் படுக்கை வாட்டுல சுத்துது. துணியை மேல தூக்கிட்டுப் போய்க் கீழே போடுது. அந்த விழுகிற அடியிலதான் அழுக்கு கழலுது. நுரை நிறைஞ்சிருந்தா மெத்தையில விழுற மாதிரி ஆயிடும். தண்ணியும் அதுல கம்மி, அலசறதுக்கு. அதனாலதான் ஃப்ரண்ட் லோடுக்குன்னு தனியா நுரை கம்மியா வர்ற பவுடர் விக்கறாங்க. டாப் லோடு நிறையத் தண்ணி எடுக்கும், கொஞ்சம் நுரையைத் தாங்கும். ஆனா கையால துவைக்கிற பவுடரை ஃப்ரண்ட் லோடுல போடறது, நான் போட்ட மாதிரி, சரியில்லை.

சரி, எவ்வளவு போடணும்? இங்கதான் தண்ணி வருது. எங்க ஊர் கோயம்புத்தூர்ல ஒரே வீட்ல ரெண்டு குழாய் இருக்கும். ஒண்ணு சிறுவாணி, நல்ல தண்ணி. இன்னொண்ணு போர் தண்ணி, உப்பு. கால்சியமும் மெக்னீசியமும்தான் அந்தக் கடினத்தன்மை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்குச் சொல்ற அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேற வழியே இல்லேன்னா 600 வரைக்கும் போகலாம். அதைத் தாண்டற போர்களும் நம்ம பக்கம் உண்டு. உப்புத் தண்ணியில பவுடரோட ஒரு பங்கு இந்த உப்பைச் சமாளிக்கவே செலவாயிடும். மிச்சம்தான் துணிக்கு. அதனால உப்புத் தண்ணிக்குக் கொஞ்சம் கூட வேணும், நல்ல தண்ணிக்குக் கம்மி போதும். எங்க மெஷினுக்கு முன்ன போர் தண்ணி வந்துச்சு. வீட்டு குழாய் வேலைக்கு அப்புறம் சிறுவாணி லைனுக்கு மாத்தினோம். பவுடர் அளவை மட்டும் நான் மாத்தலை. அம்மா அரிப்பு தொடங்கினதும் அந்த மாசம்தான்!

உங்க வீட்டுத் தண்ணி எதுன்னு தெரியலைன்னா, மூடி போட்ட பாட்டில்ல அரைவாசி தண்ணி எடுத்து, குளிக்கிற சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்க. கவர்ல டி.எஃப்.எம். எவ்வளவுன்னு போட்ட சோப்பா இருக்கட்டும். நல்ல தண்ணின்னா மேல நுரை, கீழே ஓரளவு தெளிவு. உப்புத் தண்ணின்னா நுரை வராது, தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா மிதக்கும். குழாயில மாட்டற சின்ன வலை ஃபில்டர் மண்ணைத்தான் தடுக்கும். தண்ணியில கரைஞ்ச உப்பு அதுல நிக்காது.

எங்க வீட்ல இப்ப பாக்கெட் பின்னால எழுதியிருக்கிற அளவுல பாதியிலிருந்து ஆரம்பிச்சோம். துணி வெளுக்குது, அதனால அங்கேயே நிறுத்திட்டோம். வெளுக்கலைன்னா ஒரு ஸ்பூன் ஏத்துங்க. பள்ளிக்கூட யூனிஃபார்ம், வயல் வேலைத் துணின்னா அது வேற கணக்கு.

பவுடரா லிக்விடான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வெள்ளை வேட்டி, பெட்ஷீட், துண்டுக்கு நான் பவுடர் பக்கம். நல்ல மெஷின் பவுடர் பலதுல ஆக்சிஜன் ப்ளீச் இருக்கும், லிக்விடுல பொதுவா இருக்காது. கலர் துணிக்கு, கறுப்பு சுடிதாருக்கு லிக்விட் நல்லது. குளிர்ந்த தண்ணியில சீக்கிரம் கரையும், வெள்ளைத் திட்டு ஒட்டாது. ரெண்டுலயும் என்சைம் இருக்கலாம். ரத்தம், பால், முட்டைக் கறையைப் பிரிக்க ஒண்ணு, சோறு, கஞ்சிக்கு ஒண்ணு, எண்ணெய்க்கு ஒண்ணு. இது நேரம் கேக்கும். 15 நிமிஷ க்விக் வாஷ்ல அதுக்கு வேலை செய்யவே அவகாசம் இல்லை. க்விக் வாஷ் வேர்வைச் சட்டைக்கு மட்டும் போதும். பட்டும் கம்பளியும் புரதம். புரதக் கறையைத் தின்கிற என்சைம் அதையும் தின்னும். அதனால பட்டுப் புடவையை என்சைம் பவுடர்ல போடாதீங்க, தனி லிக்விட் இருக்கு.

அடுத்தது சூடு. லேபிள்ல 30 டிகிரின்னு போட்டிருக்கும். அது குழாய்த் தண்ணி 10 டிகிரியில வர்ற ஊருக்கு யோசிச்சது. நம்ம மொட்டை மாடி டேங்க் தண்ணி பகல்ல 28, 30 சாதாரணம். அதாவது நாம 'கோல்ட்'னு அமுக்கறதே அவங்களுக்கு 30. ஊட்டிக்காரங்க மன்னிக்கணும், உங்களுக்கு இது பொருந்தாது. அன்றாடத் துணிக்குக் கோல்ட் போதும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா 40. 15 லிட்டர் தண்ணியை 28-லிருந்து 40-க்கு ஏத்த கணக்குப்படி கால் யூனிட்டுக்கும் குறைவு. 60-க்குன்னா அரை யூனிட்டுக்கு மேல. தினம் 60 வேண்டாம், உப்புத் தண்ணியில அது ஹீட்டர் மேல வெள்ளையாப் படிஞ்சிடும். ஆனா மாசம் ஒரு தடவை காலி மெஷினை 60-ல ஓட விடுங்க. எப்பவும் பச்சைத் தண்ணியிலயே ஓட்டினா டிரம்முக்குப் பின்னாடி வழவழன்னு படிஞ்சு நாத்தம் வரும்.

எங்க வீட்டுக்கு சர்வீஸுக்கு வந்த தம்பி டிராயரை உருவிக் காட்டினார். உள்ளே பவுடர் கெட்டியாகி மாவு மாதிரி ஒட்டியிருந்துச்சு. "அக்கா, நீங்க போடறதுல பாதி இங்கயே நிக்குதுங்க, மீதி துணியில நிக்குதுங்க"ன்னார். அந்த டிராயர்ல ரெண்டு கோடு போட்ட அறைதான் பவுடருக்கு, பூப் படம் போட்டது கண்டிஷனருக்கு. கண்டிஷனர் துண்டுக்குப் போடவே வேண்டாம். அது நூல் மேல பூசிக்கும், துண்டு தண்ணியை உறிஞ்சறது குறையும். உப்புப் படிவுக்கு சிட்ரிக் ஆசிட் போட்டுக் காலியா ஓட்டலாம். ஆனா குளோரின் ப்ளீச்சோட எந்த ஆசிட்டையும், வினிகரையும்கூட, சேர்த்துப் போட்டுடாதீங்க. விஷ வாயு வரும்.

மஞ்சள் கறை பத்தி ஒண்ணு. சாம்பார் சிந்தின வேட்டியில சோப்பு பட்டதும் ரத்தச் சிவப்பாகும், பயந்துடாதீங்க. மஞ்சளுக்குக் காரம் பட்டா நிறம் மாறும், அலசினதும் திரும்பிடும். மிச்சத்துக்கு ஈரத்தோட நல்ல வெயில்ல போடுங்க. வெயில் மஞ்சளை வெளுத்துடும், எந்தப் பவுடரை விடவும் மலிவு.

எங்க வீட்ல பழைய துணி எல்லாத்தையும் பவுடர் இல்லாம நாலு ஈடு அலசி எடுத்தோம். மூணாவது ஈட்டுக்கு அப்புறம்தான் நுரை நின்னுச்சு. 'எக்ஸ்ட்ரா ரின்ஸ்' பட்டன் இப்ப நிரந்தரமா ஆன். டாக்டர் கொடுத்த களிம்பும் சேர்ந்து, அம்மாவுக்கு ஒரு மாசத்துல தடிப்பு அடங்குச்சு. எல்லா அரிப்பும் சோப்பால வர்றதில்லை, டாக்டர்கிட்ட போறதை நிறுத்தாதீங்க. அம்மா மறுபடி கருவாடு சாப்பிட ஆரம்பிச்சாச்சு. அந்த மூணு மாசக் கருவாட்டுக்கு என்கிட்ட இன்னும் கணக்குக் கேக்கறாங்க.