மீண்டு வந்த கப்பல்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில் விசுவமடு என்னும் ஊர் உளது. வயலும் தோட்டமும் தென்னையும் நிறைந்த அவ்வூரின் வழியே 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர் கடந்து சென்றது. பதுங்குகுழிகளில் வாழ்ந்த மக்கள் பின்னர் ஊரையே விட்டு நீங்கினர். பிற்காலத்தில் மீண்டு வந்தோர்க்கு முன்னே கிணறு இறைக்கும் வேலை இருந்தது. கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலம் எதுவெனத் தெரிந்து கால் வைக்கும் அச்சமும் இருந்தது. இத்தகைய ஊரிலிருந்து பார்ப்போர்க்கு எளிதில் விளங்கக்கூடிய யப்பானியக் கதையொன்று உண்டு.

அக்கதையின் பெயர் ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ’. 1974 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யப்பானியத் தொலைக்காட்சியில் அது தொடங்கிற்று. யப்பானியர் ‘அனிமே’ என்று வழங்கும், சித்திரங்களை அசையச் செய்து ஆக்கும் படவகையைச் சேர்ந்தது அது. பகைக்கோள் ஒன்று எறியும் குண்டுகளால் பூமி நஞ்சூறிக் கிடக்கிறது. எஞ்சிய மாந்தர் நிலத்தின் கீழே வாழ்கின்றனர். அவர்களுக்கு எஞ்சியிருப்பதோ ஓராண்டு. 148,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இஸ்கந்தார் என்னும் கோளில் அந்நஞ்சை நீக்கும் கருவி உண்டெனச் செய்தி வருகிறது. அதனைக் கொண்டுவரப் புறப்படும் கப்பல் யமாத்தோ. 1945 ஏப்பிரல் 7 ஆம் நாள் ஏறக்குறைய மூவாயிரம் பேருடன் மெய்யாகவே கடலில் மூழ்கிய யப்பானியப் போர்க்கப்பலின் பெயர் அது. கொல்லப் போன கப்பலைக் காக்கப் போகும் கப்பலாக மாற்றிக் கண்ட கற்பனை இது.

இக்கதையை நடிகர்களைக் கொண்டு மீளவும் எடுத்தவர் இயக்குநர் தக்காஷி யமசாக்கி. 2010 டிசெம்பர் 1 ஆம் நாள் அத்திரைப்படம் வெளிவந்தது. புகழ்வாய்ந்த நடிகராகிய தக்குயா கிமுரா கதைத்தலைவன் கொடாயாக நடித்தார்.

சித்திரத்திற் பழகிய முகம் நடிகர் முகமாக மாறும்பொழுது, ‘இவர் பொருந்துகிறாரா?’ என்ற கேள்வியே முதலில் எழும். ‘கல்கி’ இதழில் மணியம் தீட்டிய வந்தியத்தேவனைக் கண்டு பழகியோர், 2022 இல் ‘பொன்னியின் செல்வன்’ திரைக்கு வந்தபோதும் இதனையே கேட்டனர். அது இயல்பே. சித்திரத்தில் சில கோடுகளே உள. எஞ்சியதைப் பார்ப்பவர் மனம் நிரப்பிக்கொள்கிறது. நடிகர் வந்ததும் அவ்விடம் அடைபட்டுப் போகிறது. ஆயினும் முகத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. அஃது கதையின் நெஞ்சம்.

அந்நெஞ்சத்தில் இரு மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. முதலாவது, பகைவரைப் பற்றியது. பழைய தொடரில் பகைவராகிய கமிலாசு மக்கள் நீலநிறத் தோலராயினும் மாந்தர் போன்றோர், அவர்களுக்கும் நகருண்டு, அழியுந் தறுவாயிலுள்ள கோளுமுண்டு. வென்றபின் அப்பாழ்நகரைக் கண்ட கொடாய் மகிழவில்லை. போரிட்டதே தவறென மனமுடைந்து வருந்துகிறான். புதிய படத்திலோ பகைவர் பளிங்குருவினர். பளிங்கு உடைந்தால் எவர் அழுவார்? முகமில்லாப் பகையை வெல்வது எளிது. அவ்வெற்றியில் துயரம் பிறப்பது அரிது.

இரண்டாவது, முடிவைப் பற்றியது. பழைய தொடரில் கப்பல் கருவியுடன் வீடு திரும்புகிறது. நோயுற்ற கப்பல் தலைவர் ஒக்கித்தா பூமியைக் கண்ணாற் கண்டபின்னரே உயிர் துறக்கிறார். புதிய படத்தில் மருந்து பூமியை அடைகிறது. கொடாயோ கப்பலுடன் தனித்து நின்று தன்னைப் பலியிடுகிறான். இம்முடிவு 1978 ஆம் ஆண்டின் ‘யமாத்தோவுக்குப் பிரியாவிடை’ என்னும் சித்திரப்படத்தை ஒத்தது. அவ்வாண்டிலேயே தொலைக்காட்சிக்கென அக்கதையை மீளச் சொன்னபோது கொடாய் உயிரோடு வைக்கப்பட்டான். எந்த முடிவு தகும் என்பதில் கதையை ஆக்கியோரிடையிலேயே இரு நோக்கு இருந்தது என்பது இதனாற் புலனாகும்.

புதிய படத்திற்குரிய பெருமையை மறுத்தல் ஆகாது. துருப்பிடித்த மண்ணைப் பிளந்து கப்பல் எழும் காட்சி கண்ணைக் கவர்வது. அக்கைவன்மை பின்னரும் வளர்ந்தது; இவ்வியக்குநரின் பிறிதொரு படம் 2024 இல் காட்சி விந்தைகளுக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது.

எனினும், இறப்பை உயர்த்திக் காட்டுதல் திரைக்கு எளிது. மீண்டு வந்து வாழ்வதைக் காட்டுதல் கடினம். இறந்தவனுக்கு ஒரு கணமே வேண்டும். வாழ வந்தவனுக்கோ நீண்ட காலமும் பொறுமையும் வேண்டும். மண்ணைத் துப்புரவு செய்தல், கிணற்றை இறைத்தல், விதைத்தல், பிள்ளைகளை மீளப் பள்ளிக்கு அனுப்புதல் என்பவற்றுக்கு முரசு முழங்குவதில்லை.

விசுவமடுவின் தோட்டங்களில் இன்று கச்சானும் மிளகாயும் விளைகின்றன. அங்கே வளரும் சிறுவர் இரு கதைகளையும் பார்க்கட்டும். கப்பலோடு போனவனுக்காக அவர்கள் கண்ணீர் விடலாம்; அதிற் குற்றமில்லை. ஆனால் மருந்தைச் சுமந்து வீடு வந்து சேர்ந்தவர்களின் கதையை முதலிற் பார்ப்பார்களாயின், அவர்களுடைய பாட்டனும் பாட்டியும் செய்தது யாதென்பது அவர்களுக்கு விளங்கும்.