இழுக்காத இன்ஜின்

மன்ஹாட்டனிலிருந்து வரும் மின்சார ரயிலை விட்டு ஜமைக்கா ஸ்டேஷனில் இறங்கி, ஆய்ஸ்டர் பே போகும் டீசல் ரயிலைப் பிடிக்க ஓடுவோம். 1990களில் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் ரயில்ரோடில் வேலைக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த ஓட்டம் மறக்காது. மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷனுக்குப் போகும் சுரங்கத்தில் டீசல் இன்ஜின் ஓடக்கூடாது; அதனால்தான் இப்படி ரயில் மாறுவது.

அந்த டீசல் ரயில்களின் ஒரு முனையில் சாதாரண இன்ஜின் இருக்கும். மறுமுனையில் அகன்ற மொட்டை மூக்கோடு ஆல்கோ கம்பெனியின் பழைய எஃப்ஏ இன்ஜின் ஒன்று. நம் ஊரில் தடதடத்த டபிள்யூடிஎம்-2 இன்ஜின்களும் ஆல்கோ வடிவமைப்புதான். எஃப்ஏ அதற்கு மூத்த தலைமுறை. 1946 முதல் 1956 வரை தயாராகி, 1500, 1600 குதிரைத்திறனில் சரக்கு இழுத்தவை.

1970களில் லாங் ஐலண்ட் ரயில்ரோடு, மற்ற ரயில் கம்பெனிகள் கழித்துவிட்ட எஃப்ஏக்களை வாங்கியது. உள்ளே இருந்த பெரிய டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு, அங்கே ஒரு சிறிய ஜெனரேட்டரை வைத்தார்கள். பெட்டிகளின் விளக்குக்கும் கணப்புக்கும் அதுதான் மின்சாரம் தந்தது. சதாப்தி ரயிலின் கடைசியில் உறுமிய ஜெனரேட்டர் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும்.

ஆனால் டிரைவர் அறையை மட்டும் கழற்றவில்லை. இந்த மாற்றத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. டிரைவர் எஃப்ஏவில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்புவார். அந்தக் கட்டளை பெட்டிகளின் ஊடே ஓடும் கேபிள் வழியாகப் போய், கடைசியில் இருக்கும் இன்ஜினை முடுக்கும். அது தள்ள, இது வழிகாட்டும். திரும்பும்போது டிரைவர் மறுமுனைக்கு நடந்து போனால் போதும். இன்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தடத்தில் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி பூட்டும் வேலை மிச்சம். காலையும் மாலையும் கூட்டம் நெரியும் தடத்தில் அந்த நிமிடங்கள் பெரிய விஷயம்.

எஃப்ஏவை ஒட்டிய பெட்டியில் உட்கார்ந்தால் வித்தியாசம் காதிலேயே தெரியும். இழுக்கிற இன்ஜின் கிளம்பும்போது உறுமும், நிற்கும்போது தணியும். இதில் அந்த ஏற்ற இறக்கம் கிடையாது. விளக்கு மங்காமல் எரிய ஜெனரேட்டர் சீரான வேகத்தில் சுழல வேண்டும். எனவே ரயில் ஓடினாலும் நின்றாலும் ஒரே சுருதி. குளிர்கால மாலையில், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும்போது, அந்தச் சத்தம் கேட்டாலே உடம்புக்குச் சூடு வந்த மாதிரி இருக்கும்.

1990களின் கடைசியில் இரண்டு அடுக்குப் பெட்டிகளும் புது இன்ஜின்களும் வந்தன. அவற்றில் ஒரு வகை, டீசலிலும் மூன்றாவது தண்டவாளத்தின் மின்சாரத்திலும் ஓடும். அதனால் சில ரயில்கள் நேராகப் பென் ஸ்டேஷனுக்கே போயின. அவற்றில் ஏறியவர்கள் ஜமைக்காவில் ஓடவேண்டியிருக்கவில்லை. எஃப்ஏக்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்பட்டன.