காளான் கணக்கு: வளர்ப்பவர் நிலைத்தால்தான் கடைக்குச் சரக்கு

காய்கறி வியாபாரத்தில் வெங்காயத்துக்கு ஒரு கணக்கு, கீரைக்கு ஒரு கணக்கு. வெங்காய விலை இறங்கினால் மூட்டையை அடுக்கி வைத்து நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாம். கீரையோ பொழுது சாய்ந்தால் மாட்டுக்குத்தான் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும் சரக்கு காளான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது நம்மில் பலருக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் அடிபடுகிறவர், வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டுக் காளான் வளர்க்கும் சிறு விவசாயி. அவர் கொட்டகையைப் பிரித்துவிட்டால் நாளை நமக்கும் சரக்கு இல்லை. ஆகவே இது வளர்ப்பவர் பிரச்சினை மட்டும் அல்ல, நம் பிரச்சினையும் ஆகும்.

புற்றோரத்திலிருந்து பொட்டலத்துக்கு

காளான் நம் ஊருக்குப் புதிதல்ல. இடியும் மழையும் வந்து ஓய்ந்தபின் புற்றோரம் முளைக்கும் காளானைப் பறித்து வந்து குழம்பு வைப்பது கிராமங்களில் காலங்காலமாக உள்ள வழக்கம். எது உணவு, எது நாய்க்குடை என்று பார்த்தே சொல்லும் பாட்டிமார் இருந்தார்கள். வைக்கோலில் காளான் வளர்ப்பது பற்றி 1943ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண விவசாய ஏட்டில் கட்டுரை வெளிவந்திருக்கிறது.

இன்று கடைகளில் அதிகம் தெரிவது மொட்டுக்காளான். அது குளிர்ச்சியில் வளர்வது. சுமார் 14 முதல் 18 டிகிரி வெப்பம் வேண்டும். மலைப்பகுதி தவிர மற்ற இடங்களில் குளிரூட்டிய அறை கட்டித்தான் வளர்க்க முடியும். சிறு விவசாயிக்கு அந்த முதலீடு கட்டுப்படியாகாது. அவர் கைக்கு எட்டுவது சிப்பிக்காளானும் பால் காளானும்தான். சிப்பிக்காளான் சுமார் 23 முதல் 28 டிகிரியில் நன்றாக வரும். பால் காளானோ 30 முதல் 35 டிகிரி வெப்பத்தையே விரும்பும். நம் கோடைக்கென்றே அமைந்த பயிர் என்று சொன்னால் மிகையாகாது. மேற்கு வங்கத்தில் கிடைத்த இந்த இனத்தை 1974ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தார்கள். அதை வியாபார ரீதியாக வளர்க்கத் தக்க ரகமாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998ஆம் ஆண்டில் ஏ.பி.கே. 2 என்ற பெயரில் வெளியிட்டது. அந்த எழுத்துகள் அருப்புக்கோட்டையைக் குறிப்பவை. கரிசல் பூமியின் பெயரைத் தாங்கி ஒரு காளான் ரகம் வந்தது நமக்குப் பெருமைதானே!

கொட்டகையில் நடப்பது என்ன?

சரக்கு விற்கிற நமக்கு அது விளையும் விதம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் வளர்ப்பவரிடம் நியாயமாகப் பேச முடியும்.

வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, ஈரம் கையில் ஒட்டாத பதத்துக்கு உலர்த்துகிறார்கள். பாலிதீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு காளான் வித்து என்று மாறி மாறி நிரப்பிக் கட்டுகிறார்கள். வேகவைத்த சோளத்தில் வளர்த்த பூசணமே வித்து. பதினைந்து இருபது நாளில் பை முழுவதும் வெள்ளை படர்ந்துவிடும். சிப்பிக்காளான் அதன்பின் சில நாளில் மொட்டு விட்டு அறுவடைக்கு வரும். பால் காளானுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. படுக்கையின் மேல் சுத்தப்படுத்திய மண்ணைப் பரப்பி ஈரம் காக்க வேண்டும். அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நாளில் அறுவடை தொடங்கும். இரண்டு மூன்று முறை பறித்து முடிக்க மொத்தம் சுமார் 45 நாள் ஆகும். வேலை சுத்தமாக இருந்தால் ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காளான் கிடைக்கும். பச்சைப் பூசணம் விழுந்தாலோ, ஈ புகுந்தாலோ அந்தப் படுக்கை குப்பைக்குத்தான்.

தினம் 5 கிலோ நமக்கு வேண்டுமானால், அரைக் கிலோ வைக்கோல் கொண்ட படுக்கை தினம் 10 போட வேண்டும். 45 நாள் சுற்றில் கொட்டகையில் எந்நேரமும் 450 படுக்கைகள் இருக்கும். ஆக, இன்று நாம் வாங்கும் காளானுக்கு அவர் ஒரு மாதத்துக்கு முன்பே வைக்கோலும் வித்தும் வாங்கிப் போட்டுவிட்டார். "இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம்" என்று நாம் சொன்னால், படுக்கையில் வளரும் காளான் அதைக் கேட்டு நிற்குமா?

திருப்பி அனுப்பும் வழக்கம்

பல ஊர்களில் உள்ள நடைமுறை இதுதான். காலையில் வளர்ப்பவர் பொட்டலங்களைக் கடையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மறுநாள் விற்றதற்கு மட்டும் காசு. விற்காதது திரும்பிவிடும். கடைக்காரருக்கு இதில் சேதாரமே இல்லை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால், கீழே உள்ள எண்கள் கணக்குக்காக மட்டுமே.

200 கிராம் பொட்டலம் ஒன்றுக்கு வளர்ப்பவருக்கு அடக்கம் 25 ரூபாய். நமக்குத் தருவது 35 ரூபாய். நாம் விற்பது 45 ரூபாய். அவர் 100 பொட்டலம் வைக்கிறார். 80 விற்று 20 திரும்புகிறது. அவருக்கு வரவு 2,800, செலவு 2,500, மிச்சம் 300 ரூபாய். நமக்கு லாபம் 800. திரும்புவது 30 ஆகிவிட்டால் அவருக்கு வரவு 2,450. அதாவது உழைத்ததற்குக் கூலி இல்லாமல், கையிலிருந்து 50 ரூபாய் நஷ்டம். நமக்கோ அப்போதும் 700 ரூபாய் லாபம். இப்படி ஒரு பருவம் நடந்தால் அவர் ஏன் மறு பருவம் கொட்டகையைத் திறப்பார்?

இப்போது வேறு விதமாகச் செய்து பார்ப்போம். நம் கடையில் தினம் சராசரி 80 விற்கிறது என்று தெரிகிறது. 80 மட்டும் கேட்கிறோம். திருப்பி அனுப்புவதில்லை, அன்றே ரொக்கம் என்கிறோம். அதற்காக அவர் விலையை 32 ரூபாயாகக் குறைக்கிறார். அவருக்கு வரவு 2,560, அடக்கம் 2,000, மிச்சம் 560. நமக்கு 80 பொட்டலத்துக்கு 13 ரூபாய் வீதம் 1,040. இருவருக்குமே முன்பைவிடக் கூடுதல்! ஒன்றிரண்டு நாள் பத்துப் பொட்டலம் நின்றுபோனால் அந்த 320 ரூபாய் நம் தலையில்தான் விழும். ஆனாலும் அளவு தெரிந்து வாங்குகிற கடைக்கு மாதக் கணக்கில் லாபம் நிற்கும்.

அளவு தெரிவது எப்படி?

இரண்டு வாரம் தினவிற்பனையை ஒரு நோட்டில் குறித்தாலே போதும். ஞாயிற்றுக்கிழமை எத்தனை, வெள்ளிக்கிழமை எத்தனை, முகூர்த்த நாளில் எத்தனை என்று தெரிந்துவிடும். புரட்டாசியிலும், மாலை போட்டவர்கள் கவுச்சியை விடும் கார்த்திகை, மார்கழியிலும் காளான் கேட்பவர் கூடுவார்கள். அந்த மாதங்களுக்கு 45 நாள் முன்பே வளர்ப்பவரிடம் சொல்லி வைக்க வேண்டும். சமையல் காண்டிராக்டர்களின் தேவையையும் அப்படியே முன்கூட்டிக் கேட்டு வாங்கலாம்.

சரக்கின் குணமும் தெரிய வேண்டும். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெயிலில் வைத்தால் எடை குறையும், காற்றுப் புகாமல் மூடினால் வியர்த்துப் பிசுபிசுக்கும். சிறு துளையிட்ட பையில் போட்டு நிழலில் வைக்க வேண்டும். கழுவி வைக்கக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நசுக்கக் கூடாது. சிப்பிக்காளான் வெளியில் ஒரு நாள் தாங்கும், குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள். பால் காளான் வெளியிலேயே மூன்று நாலு நாள் தாங்கும். குளிர்பெட்டி இல்லாத மளிகைக் கடைக்கும் அது ஏற்ற சரக்கு. எடை, பொட்டலமிட்ட தேதி, விலை, அடைத்தவர் முகவரி ஆகியவை இல்லாத பொட்டலத்தை வாங்காமல் இருப்பது நமக்கே பாதுகாப்பு.

மிஞ்சும் சிப்பிக்காளானை உலர்த்தலாம். பத்துக் கிலோ பச்சைக் காளானுக்குச் சுமார் ஒரு கிலோ வற்றல் கிடைக்கும். சூப்புப் பொடிக்கும் மசாலாவுக்கும் அது உதவும். ஆனால் வாடிய சரக்கை உலர்த்திப் பயனில்லை. பறித்த அன்றே உலர்த்த வேண்டும். அதற்கும் முன்கூட்டியே அளவு தெரிந்திருக்க வேண்டும்.

சங்கம் செய்யக் கூடியது

புதிதாக வளர்க்க வருகிறவர்களை, "விளைவதையெல்லாம் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லி வித்தையும் பையையும் விற்றுவிட்டு மறைகிறவர்களும் உண்டு. பயிற்சிக்கும் நல்ல வித்துக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இருக்கின்றன என்று நாமே வழிகாட்டலாம். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் கடைகளின் தினத் தேவையைக் கூட்டி ஒரு தொகையாக்கி, பக்கத்துக் கிராமங்களில் வளர்ப்பவர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தால், யார் எத்தனை படுக்கை போடுவது என்பது தெளிவாகிவிடும். பத்துக் கடை சேர்ந்து இதைத் தொடங்கினால் போதும்.

நெல்லோ பருப்போ ஓர் ஊரில் இல்லையென்றால் வேறு ஊரிலிருந்து லாரியில் வரவழைத்துவிடுவோம். காலையில் பறித்த காளானை அப்படி வரவழைக்க முடியாது. அதைத் தருகிறவர் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், இருந்து பிழைக்கவும் வேண்டும். வரும் மாதக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் தங்கள் இரண்டு வார விற்பனைக் குறிப்போடு வந்தால், பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.