பரணில் கிடக்கும் வால்வு ரேடியோ: பிளக்கை மாட்டும் முன் இதைப் படிங்க!

தாத்தா வாங்கிய மர்பி, பிலிப்ஸ், புஷ் ரேடியோ இன்னும் பல வீட்டுப் பரணில் தூசி படிஞ்சு கிடக்கு. இலங்கை வானொலியும் பிபிசி தமிழோசையும் இந்தப் பெட்டிகள் வழியாத்தான் வீட்டுக்குள் வந்தன. 'பாடுதான்னு பார்ப்போம்' என்று நேராக பிளக்கில் மாட்டினால், நல்லா இருக்கும் பெட்டியும் கருகிப் போகலாம்.

ஏன் ஆபத்து?

வால்வு ரேடியோவுக்குள் 200 வோல்ட்டுக்கு மேல் டிசி மின்சாரம் ஓடும். அதைச் சீராக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் பல வருஷம் சும்மா கிடந்தால் கெட்டு, ஷார்ட் ஆகலாம். அப்போ ரெக்டிஃபையர் வால்வு, மெயின் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் எரியும். கண்டன்சர் கடையில் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மரைச் சுத்திக் கொடுக்க ஆள் தேடி அலையணும்!

அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் காகிதக் கண்டன்சரும் அப்படித்தான். அது கசிந்தால் வால்வு அளவுக்கு மீறிச் சூடாகும். ரேடியோ பாடினாலும் அதை மாத்திடுறது நல்லது.

மாத்திய பிறகும், குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டுத்தான் முதல் பவர் கொடுக்கணும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்பு இதுக்கு உதவாது. ஏசி/டிசி மாடல்களில் சேசிஸே மெயின்ஸோடு சேர்ந்திருக்கும், தொட்டால் ஷாக். பழக்கம் இல்லாதவங்க இதைத் தெரிஞ்ச மெக்கானிக்கிடம் விட்டுடுங்க.

அலைன்மென்ட் எதுக்கு?

ரேடியோ பாடுது, ஆனா ஸ்டேஷன் டயலில் வேற இடத்தில் வருது, சத்தமும் கம்மி. அப்போதான் அலைன்மென்ட். அதுக்கு முன்னாடி ஸ்க்ரூவைத் திருப்பவே கூடாது.

நீங்க எந்த ஸ்டேஷன் வைத்தாலும், ரேடியோ அதை ஒரே அலைவரிசைக்கு மாத்தித்தான் பெருக்கும். பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ். சில பழைய செட்டுகளில் 452, 470 என்றும் உண்டு, சர்வீஸ் மேனுவல் பார்க்கணும். சிக்னல் ஜெனரேட்டர் வைத்து முதலில் ஐ.எஃப்.டி.களை அந்த எண்ணுக்குச் சரிசெய்வாங்க. அடுத்தது ஆசிலேட்டர், கடைசியில் ஏரியல் காயில். டயலின் கீழ் முனையில் காயில் கோர், மேல் முனையில் ட்ரிம்மர். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும் என்பதால் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கணும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் பக்கத்தில் வந்தாலே ட்யூனிங் மாறும், பிளாஸ்டிக்தான் சரி.

ஷார்ட்வேவில் ஏமாறும் இடம் இது. டயலை 9,500 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் ஆசிலேட்டர் 9,955-ல் ஓடணும். ஆனால் 9,045-ல் ஓடினாலும் வித்தியாசம் அதே 455தான், சத்தமும் வரும்! ட்ரிம்மரைத் திருப்பும்போது இரண்டு இடத்தில் சத்தம் வந்தால், ட்ரிம்மர் தளர்ந்திருக்கும் இடம்தான் சரியானது. தப்பானதில் விட்டால் டயல் முழுக்கக் குழப்பம்தான்.

இப்போ கேட்க என்ன இருக்கு?

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017-ல் நின்றுவிட்டது. வேற நாட்டு வானொலிகள் சில இன்னும் சிற்றலையில் இருக்கு. 10 மீட்டர் ஒயரை மொட்டைமாடியில் ஏரியலாகக் கட்டிப் பாருங்க. அப்பவும் ஒரே இரைச்சலா? ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன், வீட்டு எல்இடி பல்பையும் போன் சார்ஜரையும் அணைச்சுப் பாருங்க.