புளியும் உருளைக்கிழங்கும்

குழம்பில் போட்ட உருளைக்கிழங்கு, அரைமணி நேரம் கொதித்த பின்னும் நறுக்கென்று நிற்பதன் காரணம் யாது என்று, நேயர்களே, எப்போதாவது யோசித்ததுண்டா? குற்றம் பெரும்பாலும் கிழங்கினுடையது அன்று, புளியினுடையது. கிழங்கின் உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருள், வெறும் நீரில் கொதிக்கும்போது சுலபமாக இளகிக் கிழங்கை மிருதுவாக்குமேயாயினும், புளிப்பு மிகுந்த நீரில் அத்தனை எளிதில் கரைவதில்லை. ஆகையால், பழவேற்காட்டு ஏரியின் உவர்நீரில் வளர்ந்த இறாலோடு, விரலைப்போல் நீண்ட சிறு உருளைக்கிழங்குகளையும் சேர்த்துக் குழம்பு வைக்க ஆசைப்படுவோர், அழுத்தினால் அமுங்காத, முளை விடாத, தோலில் பச்சை ஓடாத கிழங்குகளாகப் பொறுக்கி (பச்சை ஓடியது கசக்கும், தேகத்துக்கும் ஆகாது), உப்பு நீரில் தோலோடு பக்குவமாக வேகவைத்துக்கொண்டு, அதன் பிறகே புளிக்கரைசலில் இடுவது உத்தமம். வேடிக்கை என்னவென்றால், முன்பே வெந்த கிழங்கைக் குழம்பில் குழைந்துபோகாமல் காப்பாற்றுவதும் அதே புளிதான்! இறாலை மட்டும் கடைசியில் போடுங்கள். அதற்கு ஐந்து நிமிஷம் போதும்.