நட்பு வேண்டிய பேராயர்

சேலம் மாவட்டத்தில் உயர்ந்தோங்கி நிற்பது சேர்வராயன் மலை. அம்மலைமேல் அமைந்த ஊர் ஏற்காடு. கரடியூர் முதலிய சிற்றூர்கள் அதன் அயலில் உள்ளன. அங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்து வருபவர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். சேலத்தின் ஆட்சித்தலைவராய் இருந்த காக்பர்ன் என்பவர், 1820ஆம் ஆண்டினை அடுத்த காலத்தில் அம்மலையில் காப்பிச் செடியைப் பயிரிடச் செய்தார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டத்துரைமார் மாளிகைகள் எடுத்து வாழ்ந்தனர். கூலி வேலையை நாடிச் சமவெளி மக்கள் மலையேறினர். சமயத் தொண்டர் கோயிலும் பள்ளியும் நிறுவினர். யாவர்க்கும் மலை ஒன்றே. வீசும் குளிர்காற்றும் ஒன்றே. ஆயினும் அயலார் ஆட்சி நிகழ்ந்த அந்நாளில், துரையும் தொழிலாளியும் மலைவாழ்நரும் ஒரு பந்தியில் அமர்ந்து உண்ணுதல் அரிதினும் அரிது. அருகில் வாழ்தல் வேறு; அன்பினாற் கலந்து வாழ்தல் வேறு.

இந்நிலை ஒரு மலைக்கு மட்டும் உரியதன்று, நாடெங்கும் காணப்பட்டதே. அறம் உரைக்க வந்தோரிடத்தும் அக்குறை இருந்தது. அதனை அவர்தம் அவையிலேயே எடுத்துரைத்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆவார்.

இவர் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள், நெல்லைச் சீமையைச் சார்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் என்பவர் அவ்வூர்த் திருச்சபையின் குருவாக விளங்கியவர். அசரியா சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். எனினும் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு நீங்கினார். 1895ஆம் ஆண்டில் கிறித்தவ வாலிபர் சங்கத்தில் செயலாளராக அமர்ந்து, தென்னாட்டு ஊர்கள் பலவற்றிற்கும் சென்று இளைஞரிடையே பணியாற்றினார். அப்பணியில் அவருக்கு உற்ற துணையாய் வாய்த்தவர் செர்வுட் எட்டி என்னும் அமெரிக்கர். நாடும் நிறமும் வேறுபட்ட இவ்விருவரும் வாழ்நாள் முழுதும் நண்பராய்த் திகழ்ந்தனர்.

1902ஆம் ஆண்டில் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். ஆங்குள்ள தமிழ்க் கிறித்தவ இளைஞர்கள் தம் கைப்பொருளைத் திரட்டி, கடல்கடந்து தொண்டி என்னும் ஊரில் பணி செய்தற்குத் தொண்டரை அனுப்பி வருதலைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தைத் தைத்தது. 'நாம் எந்நாளும் வெளிநாட்டார் பொருளை ஏற்று வாழ்தல் தகுமோ? நாமும் பிறர்க்கு ஈதல் வேண்டாவோ?' என்று எண்ணினார். அவ்வெண்ணத்தின் விளைவாக 1903ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் நிறுவப்பெற்றது. பணி செய்வோர் இந்தியர், பொருள் இந்தியருடையது, மேற்பார்வையும் இந்தியருடையது என்பதே அதன் கொள்கை.

அசரியா பிறரை ஏவி விட்டுத் தாம் அமர்ந்திருந்தாரல்லர். 1909ஆம் ஆண்டில், தம் முப்பத்தைந்தாம் அகவையில், சங்க அலுவலைத் துறந்தார். நிசாம் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தோர்ணக்கல் என்னும் ஊருக்குத் தொண்டராய்ச் சென்றார். அவ்வூர் இந்நாளில் தெலங்கானா மாநிலத்தில் உள்ளது. அங்கு வழங்கும் மொழி தெலுங்கு. ஆதலின் அவர் மீண்டும் மாணவராகித் தெலுங்கு நெடுங்கணக்கைக் கற்றார். மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் சிற்றூர் தோறும் சென்று, தாழ்த்தப்பட்ட ஏழை உழவரோடு அவர்தம் மொழியிலேயே உரையாடினார். பிறமொழி பேசுவோரின் நட்பை விழைவோன், முதற்கண் அவர் மொழியைத் தன் நாவில் ஏற்றல் வேண்டும் என்பதை அவர் செயலால் உணர்த்தினார்.

1910ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வந்திருந்தோர் ஏறத்தாழ ஆயிரத்திருநூற்றுவர். அவருள் ஆசியர் ஏறக்குறைய இருபதின்மரே. அவ்வவையில் உரை நிகழ்த்துமாறு அசரியா அழைக்கப்பெற்றார். புகழுரை கூறி அமர்வதே அந்நிலையில் எளிய செயல். அவரோ அங்ஙனம் செய்திலர். அயல்நாட்டுத் தொண்டர் இந்தியர்பொருட்டுச் செய்த ஈகையையும் உயிர்த்தியாகத்தையும் நன்றியோடு போற்றினார். பின்னர், அவருட் பலர் தம்முடன் பணிபுரியும் இந்தியரைத் தம் இல்லத்திற்கு அழைத்து உடன் உண்ணவும் ஒருப்படாமையைச் சுட்டிக் காட்டினார். இரக்கம் காட்டும் புரவலரையும் ஆணையிடும் தலைவரையும் தம் நாட்டார் நாடவில்லை என்றும், அவர் வேண்டுவது நண்பரையே என்றும் கூறி முடித்தார். அது கேட்டு முகஞ்சுளித்தவரும் உளர். உண்மையை உரைத்தார் என்று உவந்தவரும் உளர். நூறாண்டு கடந்தும் அம்மாநாட்டைப் பற்றி எழுதுவோர் அவ்வுரையை மறவாது குறிக்கின்றனர்.

மாணவர்களே! நட்பென்பது கூடி மகிழ்தற்கு மட்டும் உரியதன்று. நண்பர் நெறி தவறியவழி இடித்துரைத்துத் திருத்துதற்கும் உரியது என்பது திருவள்ளுவர் கருத்தாகும். அசரியா செய்ததும் அதுவே. பகைவன் புறத்தே நின்று பழிப்பான். நண்பனோ முன்னின்று குறை கூறி, உடன் இருந்து உழைப்பான். அசரியா அவ்வுரைக்குப் பின்னும் ஐரோப்பியரை வெறுத்து விலகினாரல்லர். முப்பத்து நான்கு ஆண்டுகள் அவரோடு கூடியே தொண்டாற்றினார்.

1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29ஆம் நாள், கல்கத்தாவிலுள்ள தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராகத் திருநிலை பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை எய்திய முதல் இந்தியர் இவரே. 'இந்தியர் ஒருவர் ஐரோப்பியர்க்கும் மேலாய் இருந்து ஆளுதல் இயலுமோ?' என்று ஐயுற்றோர் பலர். இந்தியருள்ளும் எதிர்த்தோர் இருந்தனர். சென்னைப் பேராயராய் இருந்த ஒயிட்ஹெட் என்னும் ஆங்கிலேயரே அவருக்கு அரணாக நின்று, அவர் ஆற்றலைப் பிறர் அறியச் செய்தார். நண்பரை வேண்டியவர்க்கு நண்பர் கிடைத்தனர்.

அவர் தலைமையின் சிறப்பு, ஏழையரையும் ஈவோர் ஆக்கியதில் விளங்கிற்று. பிறர் தருவதைப் பெற்று மட்டும் வாழ்பவன் தன்னை எளியனாக எண்ணுகின்றான். தன் சிறு பொருளைப் பொதுப்பணிக்கு ஈபவனோ அப்பணியைத் தனதாகக் கொள்கின்றான். இதனை உணர்ந்த அசரியா பிடியரிசி கொடுக்கும் வழக்கத்தைப் போற்றி வளர்த்தார். இல்லத்தரசியர் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அவ்வாறு சேர்ந்த அரிசி திருச்சபைப் பணிக்கு உதவும். அவருடைய வாழ்க்கைத் துணைவியாராகிய அன்பு மரியம்மாள், அப்பகுதி மகளிர்க்குக் கல்வியும் நல்லொழுக்கமும் புகட்டிப் பெருந்துணை புரிந்தார்.

தோர்ணக்கல்லில் அவர் எடுப்பித்த பேராலயம் 1939ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் திறக்கப்பெற்றது. ஏழை மக்களின் காணிக்கையும் சேர்ந்து எழுந்த கோயில் அது. அதன் தூண்கள் நம் நாட்டுக் கோயில் தூண்களை ஒத்தவை. குவிமாடங்களோ பள்ளிவாசலை நினைவூட்டுபவை. கிறித்தவராதற்கு இந்தியத் தன்மையை இழத்தல் வேண்டா என்ற அவர் கொள்கைக்கு அக்கட்டடம் கல்லிற் பொறித்த சான்றாகும்.

பல பிரிவினராய்ப் பிரிந்து கிடந்த திருச்சபைகள் ஒன்றாதல் வேண்டும் என்பதும் அவர் நெடுநாளைய அவா. 1919ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அதன்பொருட்டுக் கூடிய கூட்டத்தில் அவரும் எட்டியும் கலந்துகொண்டனர். தொடங்கிய முயற்சி முற்றுப்பெறுமுன், 1945ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் அசரியா தோர்ணக்கல்லில் மறைந்தார். 1947ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, அவர் கனவு நனவாயிற்று.

ஈகை, தலைமை, நட்பு என்னும் மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. நட்பில்லா ஈகை பெறுபவனைத் தாழ்த்தும். ஈகையில்லாத் தலைமை பிறரைச் சுரண்டும். இரண்டும் அமைந்தவிடத்தே தலைமை தொண்டாக மலரும். சமயம் யாதாயினும் இவ்வுண்மை பொதுவே. நும் வகுப்பில் பிறமொழி பேசும் மாணவன் ஒருவன் தனித்து அமர்ந்திருத்தல் கூடும். பிற குலத்தவன், பிற சமயத்தவன் என்று ஒதுக்கப்பெற்றவன் ஒருவனும் இருத்தல் கூடும். அவனுக்கு உதவிப்பொருள் கொடுத்தல் நன்று. அவன் அருகே அமர்ந்து, அவனோடு உணவைப் பகுத்துண்டு, அவன் மொழியில் இரண்டு சொற்களைக் கற்று அவனோடு பேசுதல் அதனினும் நன்று.