இசையின் வண்ணமும் மேடையின் ஒளியும்

தமிழில் வண்ணம் என்னும் சொல் கண்ணுக்கும் உரியது, செவிக்கும் உரியது. சேலையின் வண்ணம் என்கிறோம். அருணகிரிநாதரின் திருப்புகழை வண்ணப்பாடல் என்கிறோம். தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களைக் கூறும்போது நிறத்தைப் பற்றிப் பேசவில்லை; செய்யுளின் ஓசை நடையைப் பற்றியே பேசுகிறார். வடமொழியின் வர்ணம் நிறத்தையும் குறிக்கும், எழுத்தொலியையும் குறிக்கும். நாட்டிய நிகழ்ச்சியின் நடுநாயகமாக விளங்கும் உருப்படிக்கும் அதுவே பெயர். இச்சொற்களை வரிசையாக அடுக்கி, ஆகவே நம் முன்னோர் இசையை நிறமாகவே கண்டனர் என்று கைதட்டலோடு முடித்துவிடலாம். அவ்வாறு முடிப்போரும் உளர். ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பதால் அவ்விரு பொருளும் ஒன்றாகிவிடா என்பது மொழியியலின் முதற்பாடம். மேடையில் இசைக்கு ஒளி அமைப்போருக்கும் அதுவே முதற்பாடமாக வேண்டும் என்பது நம் கருத்து.

இதனை நாம் பட்டறிவால் கூறுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் கலைவிழாவுக்காக நாட்டிய நாடகம் ஒன்று ஆயத்தமாயிற்று. பாடல் வரிகளைத் திருத்தித் தரச் சென்றிருந்த நம்மிடம், ஒளியமைப்பைக் கவனித்த மாணவர்கள் எந்த உணர்வுக்கு எந்த நிறம் என்று ஒரு பட்டியல் கேட்டனர். சினத்துக்குச் சிவப்பு, மகிழ்ச்சிக்கு மஞ்சள், துயரத்துக்கு நீலம் என்று ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தோம். விழா இரவில் புலம்பல் பாடல் தொடங்கியதும் மேடை முழுவதும் அடர்நீலமாயிற்று. ஆடிய மாணவி அரக்குச் சிவப்புப் பட்டு உடுத்தியிருந்தார். சிவப்புத் துணி, தன்மீது விழும் ஒளியிலுள்ள சிவப்பையே மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அடர்நீல ஒளியில் சிவப்பு இல்லை. ஆகவே பட்டு கறுத்தது, உதட்டுச் சாயமும் கறுத்தது, முகம் நிழலாயிற்று. மாதக்கணக்கில் அவர் பயின்ற அபிநயம் பின்வரிசையில் அமர்ந்திருந்த பெற்றோருக்குத் தெரியவில்லை. பாடலில் குறையில்லை, ஆட்டத்திலும் குறையில்லை. குறை நம் பட்டியலில் இருந்தது.

துயரத்துக்கு நீலம் என்பதை எங்கிருந்து எடுத்தோம் என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். அது ஆங்கில வழக்கு. ஆங்கிலத்தில் நீலம் என்னும் சொல்லே மனச்சோர்வைக் குறிக்கும். நாட்டிய சாத்திரமோ கருணைச் சுவைக்குப் புறாவின் சாம்பல் நிறத்தைக் கூறுகிறது. நீலத்தை அருவருப்புக்கு உரியதாக்குகிறது. ஆயினும் நாட்டிய சாத்திரத்தின் பட்டியலை எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் அந்த மாணவியின் முகம் தெரிந்திருக்குமா? ஒன்றுக்கு ஒன்று என்னும் பட்டியல் முறையே ஆராயத்தக்கது.

இசைக்கும் நிறத்துக்கும் அகராதி எழுதும் ஆசை பழையது. நியூட்டன் 1704ஆம் ஆண்டு வெளியிட்ட ஒளியியல் நூலில் ஒளிப்பட்டையை ஏழு நிறங்களாகப் பகுத்து, அவற்றின் எல்லைகளை இசைச் சுரங்களின் இடைவெளிகளோடு பொருத்திக் காட்டினார். அந்நூற்றாண்டிலேயே பிரான்சில் காஸ்டெல் என்னும் பாதிரியார், கட்டையை அழுத்தினால் நிறம் தோன்றும் இசைக்கருவி ஒன்றைத் திட்டமிட்டார். இவ்வாசையின் உச்சம் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின். 'பிரொமீத்தியஸ்' என்னும் அவருடைய படைப்பின் இசைக்குறிப்பு ஏட்டில், எல்லாக் கருவிகளுக்கும் மேலே ஒளிக்கென்றே ஒரு தனி வரி எழுதப்பட்டுள்ளது. 1911இல் மாஸ்கோவில் அது முதன்முறை அரங்கேறியபோது ஒளி இல்லாமலே வாசிக்கப்பட்டது. 1915இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் குரோமோலா என்னும் கருவியைக் கொண்டு ஒரு திரையில் நிறங்களைக் காட்டினர்.

ஸ்க்ரியாபினுக்கு 'சி' என்னும் சுரநிலை சிவப்பு. அவர் காலத்தவரான ரிம்ஸ்கி-கோர்ஸகோவுக்கு அதே 'சி' வெள்ளை. 'ஏ' முன்னவருக்குப் பச்சை, பின்னவருக்கு இளஞ்சிவப்பு; 'எஃப்' முன்னவருக்கு அடர்சிவப்பு, பின்னவருக்குப் பச்சை. 'டி' மஞ்சள் என்பதில் இருவரும் உடன்பட்டனர். ஒரே நாட்டின் இசையுலகில் பழகிய இரு மேதைகளுக்கே அகராதி ஒன்றாக இல்லை.

இயற்கையும் இந்த அகராதிக்குத் துணை நிற்பதில்லை. மனிதச் செவி ஏறத்தாழப் பத்து ஸ்தாயி அளவு ஒலியைக் கேட்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அதிர்வெண்கள் ஒரு ஸ்தாயியைக்கூட நிறைவாக எட்டுவதில்லை. மேல் சட்சத்தைக் கேட்டதும் அது கீழ்ச் சட்சத்தின் உறவு என்று செவி உணரும். அத்தகைய மீட்சி நிறத்தில் இல்லை. மேலும், சட்சத்தையும் பஞ்சமத்தையும் ஒருங்கே மீட்டினால் செவி இரண்டையும் பிரித்துக் கேட்கும். சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் ஓரிடத்தில் வீழ்த்தினாலோ கண் இரண்டையும் காண்பதில்லை. மஞ்சள் ஒன்றையே காண்கிறது. செவி கூட்டத்தைப் பகுத்துக் கேட்பது. கண் கூட்டத்தைக் கலந்து காண்பது. ஒளியமைப்பைப் பயிலும் மாணவர்கள் வேறெதனை மறந்தாலும் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

நம் மரபிலும் பட்டியல் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் ஏழு சுரங்களுக்கும் நிறம் கூறுகிறது. சட்சம் தாமரையின் சிவப்பு, காந்தாரம் பொன், மத்திமம் முல்லை இனப் பூவின் வெண்மை, பஞ்சமம் கருமை என்று அது செல்லும். ஆனால் இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஸ்க்ரியாபினின் 'சி' ஒரு நிலைத்த ஒலி. நம் சட்சமோ பாடுவோரின் குரலுக்கேற்ப இடம் பெயர்வது. ஒருவரின் சட்சம் மற்றொருவரின் பஞ்சமமாக இருக்கலாம். ஆகவே அந்தத் தாமரைச் சிவப்பு ஓர் ஒலியின் நிறமன்று, ஓர் உறவின் நிறம்.

உறவு என்னும் இச்சொல்லே நம்மை அகராதியிலிருந்து இலக்கணத்துக்கு அழைத்துச் செல்கிறது. 'பல்' என்பதிலுள்ள அகரத்துக்குத் தனியே பொருள் கிடையாது. 'பால்' என்பதோடு அது கொண்ட வேறுபாடே பொருளை உண்டாக்குகிறது. ஒளியும் அத்தகையது. வெளிர்ந்த இளம் ஊதா ஒளி, அடர்நீலத்தின் அருகே வெதுவெதுப்பாகத் தோன்றும். மஞ்சள் கலந்த ஒளியின் அருகே அதே ஒளி குளிர்ந்து தோன்றும். யேல் பல்கலைக்கழகத்தில் ஒளியமைப்பைக் கற்பித்த ஸ்டான்லி மெக்கண்ட்லெஸ் 1932இல் வெளியிட்ட கையேடு இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது. நடிகரின் ஒரு பக்கத்திலிருந்து வெம்மைநிற ஒளி, மறுபக்கத்திலிருந்து குளிர்நிற ஒளி. இரண்டும் மென்மையானவை; இரண்டின் வேறுபாட்டில் முகம் உருப்பெறும். அவ்விரண்டின் விகிதத்தைச் சிறிது மாற்றினாலே காட்சியின் மனநிலை மாறும். அடர்நிறம் தேவையே இல்லை.

இலக்கணத்தின் மறுபாதி காலம். தொல்காப்பியர் கூறும் வண்ணங்களின் பெயர்களைக் கவனியுங்கள்: ஒழுகு, உருட்டு, முடுகு, தூங்கல், ஏந்தல். எதுவும் தனியொலியின் பெயரன்று. பலவும் ஓட்டத்தின் பெயர்கள். இசை நூல்களிலும் வர்ணம் என்பது ஓரிடத்தில் நிற்றல், ஏறுதல், இறங்குதல், கலந்து உலவுதல் எனச் சுரங்களின் நடையையே குறிக்கும். இசையிலிருந்து ஒளி பெறத்தக்கது இந்த நடைதான். சுவிட்சர்லாந்தின் அடோல்ஃப் அப்பியா இதனைத் தம் காலத்தவர்க்கு முன்பே கண்டவர். 1899இல் வெளிவந்த இசையும் மேடையாக்கமும் பற்றிய நூலில், வரைந்த திரைகளைவிட ஒளியே இசையின் உடன்பிறப்பு என்னும் கருத்தை நிறுவினார். இரண்டும் காலத்தில் மாறுபவை. இரண்டும் கதை சொல்லாமலே உணர்த்துபவை. ஜெர்மனியின் ஹெல்லராவில் எழுந்த அரங்கில், வெண்துணிச் சுவர்களுக்குப் பின்னே ஆயிரக்கணக்கான விளக்குகளை மறைத்து, அரங்கம் முழுவதும் ஒருங்கே மங்கவும் ஒளிரவும் செய்தனர். அங்கே நிறத்தைவிடச் செறிவின் ஏற்றஇறக்கமே இசையைப் பின்தொடர்ந்தது.

ஷோன்பெர்க் இன்னும் துணிந்தார். 1913இல் எழுதி முடித்த 'நற்பேறான கை' என்னும் இசைநாடகத்தில், எழும் புயலோடு ஒளியும் எழுமாறு குறிப்பெழுதினார். மங்கிய சிவப்பில் தொடங்கிப் பழுப்பு, அழுக்குப் பச்சை, நீலச்சாம்பல், ஊதா, அடர்சிவப்பு, இரத்தச் சிவப்பு, செம்மஞ்சள் எனச் சென்று கண்கூசும் மஞ்சளில் அது முடியும். இங்கே பச்சைக்கு என்ன பொருள் என்று கேட்பது வீண். முன்னதிலிருந்து பின்னதற்கு எவ்வளவு அழுத்தம் கூடுகிறது என்பதே பொருள்.

இப்போது ஸ்க்ரியாபினிடம் திரும்பினால் அவருடைய ஒளிவரி வேறாகத் தோன்றும். அதில் பெரும்பாலும் இரு குரல்கள் உள்ளன. ஒன்று இசையின் அடித்தளச் சுரத்தைத் தொடர்ந்து விரைந்து மாறுவது. மற்றொன்று ஏறத்தாழ இருபது நிமிடப் படைப்பு முழுவதிலும் ஒருசில முறையே மாறுவது; படிப்படியாக ஏறித் தொடங்கிய நிறத்துக்கே மீள்வது. விரைந்த குரலைத்தான் உலகம் பேசிற்று. பயன் மெதுவான குரலில் இருப்பதாக நாம் கருதுகிறோம். சுருதிப்பெட்டி பாட்டைத் தாங்குவது போல அது படைப்பைத் தாங்குகிறது. இன்றைய எல்இடி விளக்குகளை மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் மின்னுமாறு இணைத்துவிடலாம். விளக்குப் பலகையே அதனைச் செய்து தரும். அது இசையை உணர்த்துவதன்று, எண்ணிக் காட்டுவது. ஆசிரியர் ஒருவர் செய்யுளைப் பொருள் கூறாமல் அசை பிரித்துக்கொண்டே போவதைப் போன்றது.

கண்ணின் காலமும் செவியின் காலமும் ஒன்றல்ல என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருளிலிருந்து வெளிச்சத்துக்குக் கண் விரைவில் பழகும்; வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் பழகப் பல நிமிடங்கள் ஆகும். எனவே ஒளியைக் குறைக்கும்போது மெதுவாகக் குறைத்தல் வேண்டும். இல்லையேல் அடுத்து வரும் மென்மையான சங்கதியில் அவையோர் ஆடுவோரின் கண்களைக் காணமாட்டார்கள். நெடுநேரம் ஒரே நிறத்தில் நிறுத்தினால் கண் அந்நிறத்தை வெண்மையாகவே ஏற்கத் தொடங்கும். பின்னர் அந்நிறத்தின் வலிமை போய்விடும். முழுச்செறிவைத் தொடக்கத்திலேயே செலவிட்டவருக்குத் தீர்மானத்தின்போது கையில் ஒன்றும் இராது.

அன்றைய புலம்பல் பாடலுக்கு இன்று ஒளி அமைக்கச் சொன்னால் நாம் பட்டியல் தரமாட்டோம். பாடலை மாணவர்களோடு பலமுறை கேட்போம். பல்லவி எத்தனை முறை மீள்கிறது, பாடுவோர் எங்கே மூச்சு விடுகிறார் என்பதை வரிகளின் ஓரத்தில் குறிக்கச் சொல்வோம். முந்தைய காட்சியை மஞ்சள் கலந்த வெம்மையில் வைத்திருப்போம். நீலம் வேண்டுமெனில் பின்திரைக்கு மட்டும். அதுவும் தாழ்ந்த செறிவில். மாணவியின் முகத்துக்கு ஒரு பக்கம் வெம்மை, மறுபக்கம் வெளிர்குளிர்மை. பல்லவி மீளும்போதெல்லாம் வெம்மை சிறிது குறையும். ஒவ்வொரு குறைவும் அவ்வடியின் நீளத்தளவே நீளும். நிகழ்வதை அவையோர் அறியமாட்டார்கள். இறுதி அடியில் வெம்மை முற்றிலும் நீங்கி, அந்த வெளிர்ந்த ஒளி மட்டும் முகத்தில் எஞ்சும். அரக்குப் பட்டு அப்போதும் அரக்காகவே தெரியும். கடைசி வரிசையிலிருந்தும் அவருடைய கண்கள் தெரியும்.